பக்கத்துக் கடையில் உண்டா?

பெரியகல்லாற்றிலிருந்து இளைஞர் ஒருவர் எழுதியுள்ள கடிதம் இவ்வாரம் எமது மேசைமீது கிடக்கின்றது. நான்கு பக்கக் கடிதம். அதில் மூன்று பக்கம் கணினிச் சமாசாரம். குடும்பப் பகுதியில் இது எதற்கு என்று சில வாசகர்கள் புருவத்தை நெரிக்கக்கூடும். ஆனால் கடிதத்தின் நான்காம் பக்கத்தை வாசித்தபின் இதனைத் தள்ளிவைக்க எமக்கு மனம் வரவில்லை.

விஷயம் இதுதான். அவருடைய ஊர் வாசிகசாலையில் பழைய கணினிகள் எட்டு இருக்கின்றன. இணைய இணைப்பு ஒன்றே. மாதந்தோறும் அளந்து தரப்படும் டேட்டா இருபதாந் திகதியளவில் தீர்ந்துபோகின்றது. அதன்பின் வருகின்ற பிள்ளைகள் கதிரையில் அமர்ந்து, திரையில் சுழலும் வட்டத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டு வீடு திரும்புகின்றனர். வீட்டிலே கைப்பேசி உள்ள பிள்ளைக்கு இதனால் பெரிய நட்டமில்லை. இல்லாத பிள்ளைக்கு வாசிகசாலையே கதி. பரீட்சைப் பெறுபேறு பார்ப்பதற்கும், பல்கலைக்கழக அனுமதிக்கு விண்ணப்பிப்பதற்கும் இன்று இணையமே வாயில். அந்த வாயில் மாதத்திற் பத்து நாள் ஒருசாராருக்கு மட்டும் அடைபடுகின்றது என்பதே தம்பியின் மனக்குறை.

அவர் சும்மா இருக்கவில்லை. ஸ்குவிட் என்னும் இலவச மென்பொருளைப் பழைய கணினி ஒன்றில் நிறுவியிருக்கிறார். அயலூர்ச் சங்கமொன்றிலும் அவ்வாறே ஒன்று உண்டாம். இரண்டு கட்டடங்களுக்கும் இடையே கூரைமேல் அலைவாங்கி நாட்டி, காசு செலவில்லாத கம்பியில்லா இணைப்பும் போட்டிருக்கிறார்கள். கொழும்பிலே உறவினர் ஒருவர் வாடகைக்கு எடுத்த சேவையகம் ஒன்றும் இருக்கின்றது. “முதலில் அயலூரைக் கேட்டு, அங்கு இல்லையேல் கொழும்பைக் கேட்டு, அதன்பின் உலகத்துக்குப் போகுமாறு செய்ய முயன்றேன். பாதிப் பக்கங்கள் எவரையும் கேளாமல் நேரே போகின்றன. ஒரு நாள் இரவு எல்லாம் நின்றுவிட்டது. எங்கே பிழை, ஐயா?” என்பது அவர் வினா.

வினாவுக்கு விடை கூறுமுன், இத்துறை அறியாத வாசகர்களுக்காகச் சில வார்த்தை.

ஊர்ச் சந்தியில் ஒரு சில்லறைக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பிள்ளை தேயிலைச் சரை வாங்க வருகின்றது. கடையில் இருந்தால் முதலாளி எடுத்துக் கொடுத்துவிடுவார். இல்லையேல் கல்முனைக்கு ஆள் அனுப்பி எடுப்பித்து, ஒன்றைப் பிள்ளையிடம் கொடுத்து, அதே சாமானை இன்னும் யாரேனும் கேட்பார்கள் என்று தட்டிலும் வைப்பார். அடுத்த பிள்ளை வரும்போது கல்முனைக்குப் போகவேண்டிய அவசியமில்லை. ஸ்குவிட் செய்வது இதுவே. எட்டுக் கணினிகளும் தமக்கு வேண்டிய பக்கத்தை அதனிடம் கேட்கும். அது தானே வெளியே போய் வாங்கிவந்து கொடுக்கும். கொடுத்ததில் ஒரு பிரதியைத் தன்னிடத்தில் வைத்துக்கொள்ளும். பிறருக்காகத் தான் போய் வாங்குவதால் இதனைப் புறொக்சி, அதாவது பதிலாள், என்கிறார்கள். எடுத்துவந்ததைச் சேமித்து வைப்பதனால் கேஷ் என்றும் சொல்வார்கள்.

எல்லாச் சாமானையும் தட்டில் வைக்க முடியாதென்பது மீன் விற்கும் ஊராருக்குச் சொல்லித் தெரியவேண்டியதன்று. கருவாடு மாதக்கணக்கில் இருக்கும். பச்சை மீன் பொழுது சாயும்வரைதான். இணையத்திலும் அப்படியே. ஒரு தளத்தின் இலச்சினைப் படம் கருவாடு. செய்தித்தாளின் முதற்பக்கம் பச்சை மீன். எது எத்தனை நாழிகை நிற்கும் என்பதை அனுப்புகின்ற தளமே தலைப்புக் குறிப்பில் எழுதி அனுப்பும். கெடுக் கடந்ததா என்று ஐயம் வந்தால் ஸ்குவிட் தளத்தை நோக்கி, “நான் வைத்திருப்பது இன்னும் நல்லதுதானா?” என்று சிறு கேள்வி விடுக்கும். “ஆம்” என்ற பதில் சில நூறு எழுத்தளவே. முழுப் படத்தையும் மறுபடி இழுக்க வேண்டியதில்லை.

ஸ்குவிட் என்பது ஆங்கிலத்திற் கணவாயின் பெயர். வாவிக்கும் கடலுக்கும் இடையில் வாழ்வோருக்கு இது வேடிக்கையாயிருக்கும். ஆக்கும் வேளையில் சும்மா வைத்த குறிப்புப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டதாம். 1990களின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் ஹார்வெஸ்ட் என்ற ஆராய்ச்சித் திட்டம் ஒன்று நடைபெற்றது. அதிற் பிறந்த சேமிப்பு மென்பொருளிலிருந்து கிளைத்ததே ஸ்குவிட். டுவேன் வெசல்ஸ் என்பார் முன்னின்று, அமெரிக்க அரசின் விஞ்ஞான நிதியுதவியுடன் 1996இல் இதனை வெளியிட்டார். இன்றுவரை எவரும் காசு கொடாமல் எடுத்து வழங்கக்கூடியதாய் இருந்து வருகின்றது.

நம் நாட்டிலும் இதனைக் கண்டவர் பலர். பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ண் என்னும் வலை 1990ஆம் ஆண்டளவில் மின்னஞ்சலோடு தொடங்கியது. பின்னாளில் மொறட்டுவையிலும் பேராதனையிலும் படித்தவர்கள், உலாவியிலே புறொக்சியின் முகவரியையும் அதன் பக்கத்தில் 3128 என்ற எண்ணையும் எழுதிய பின்னரே வெளியுலகைக் கண்டார்கள். அந்த எண் ஸ்குவிட் வழக்கமாகக் காத்திருக்கும் வாசலின் இலக்கம். அவர்களுள் அனேகருக்கு அது மந்திரம்போல் மனப்பாடம், பொருள்தான் தெரியாது.

நிற்க. சில்லறைக் கடைகள் ஒன்றோடொன்று உறவு வைத்துக்கொள்ளும் விதத்துக்கு வருவோம். தம்பியின் சிக்கல் முழுவதும் இங்கேதான் முடிச்சிட்டுக் கிடக்கின்றது.

ஒரு ஸ்குவிட், வேறொன்றைத் தன் சுற்றத்தாராக ஏற்கலாம். அந்த உறவு இருவகை. ஒன்று பெற்றோர் உறவு. மற்றது உடன்பிறப்பு உறவு. இவை எமது உவமையல்ல; அம்மென்பொருளைச் செய்தவர்களே இட்ட பெயர்கள். பெற்றோரிடம் எதைக் கேட்டாலும் கிடைக்கும்: கையில் இருந்தால் எடுத்துக் கொடுப்பார், இல்லையேல் எங்காவது போய் வாங்கிவந்து கொடுப்பார். உடன்பிறந்தவனோ தன்னிடம் இருப்பதை மட்டும் தருவான், இல்லாததற்காக அலையமாட்டான். கல்முனை மொத்த வியாபாரி சில்லறைக் கடைக்குப் பெற்றோர். தெருவின் மறுபக்கத்துக் கடை உடன்பிறப்பு. தெருவுக்கு மறுபக்கம் ஆள் அனுப்பி, “உன்னிடம் உண்டா?” என்று கேட்கலாம், “எனக்காகக் கல்முனைக்குப் போய்வா” என்று ஏவ முடியாதல்லவா?

“உண்டா?” என்று கேட்பதற்கென்றே ஒரு சிறு மொழி உண்டு. ஐ.சி.பி. என்பது அதன் பெயர். 1997 செப்டெம்பரில் வெசல்ஸும் கே. கிளாஃபியும் அதன் விதிகளை எழுதி வெளியிட்டனர். கேள்வி ஒரு சிறு பொதி. விடையும் ஒரு சிறு பொதி: உண்டு, அல்லது இல்லை. சுற்றத்தார் அனைவரிடமும் ஒரே வேளையிற் கேட்டு, முதலில் “உண்டு” என்றவரிடம் வாங்குவார்கள். வழக்கமாக இதற்கு 3130ஆம் இலக்க வாசல். இக்காலப் பதிப்புகளில் அவ்வாசல் ஆரம்பத்தில் மூடியே இருக்கின்றது. அதைத் திறப்பதோடு, கேட்க வருபவர் இன்னார் என்று பெயரிட்டு அனுமதியும் எழுதவேண்டும். இரு பக்கத்தாரும் இதனைச் செய்யாவிட்டால் கேள்வி போகும், விடை வராது. பலர் இந்த இடத்தில்தான் ஒருநாள் முழுவதும் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள்.

அமைப்புக் கோப்பிலே சுற்றத்தாரை அறிமுகஞ் செய்யும் வரி, “கேஷ் பியர்” என்னும் இரு சொற்களை அடிக்கோட்டால் பிணைத்துத் தொடங்கும். அடுத்து அயலவரின் பெயர் அல்லது எண் முகவரி; அடுத்து பெற்றோரா உடன்பிறப்பா என்பது; அதன்பின் 3128, 3130 என்ற இரு வாசல் இலக்கங்கள்; கடைசியில் விருப்பக் குறிப்புகள். அயலவர் ஐ.சி.பி. பேசாதவரானால் இரண்டாம் இலக்கத்தைப் பூச்சியமாக்கி, “நோ-குவெரி” என்று சேர்த்துவிடவேண்டும். இல்லையேல் பேச்சு மூச்சற்றவரிடம் விடைக்காகக் காத்திருப்பதாய் முடியும். உடன்பிறப்பு வரியில் “புறொக்சி-ஒன்லி” என்று எழுதினால், அவரிடம் வாங்கியதை நம் வட்டில் மறுபடி சேமிக்காது. இரு கடைகளும் அடுத்தடுத்து இருக்கையில் ஒரே சாமானை இரு தட்டிலும் நிரப்புவானேன்? சிறிய வட்டு உள்ளவர்களுக்கு இது நல்ல சிக்கனம்.

இனித் தம்பியின் முதற் குறை. பாதிப் பக்கங்கள் சுற்றத்தாரைக் கேளாமல் நேரே போவது ஏன்?

ஸ்குவிட் எல்லாக் கோரிக்கைகளையும் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. சாதாரணமாக ஒரு பக்கத்தைத் தா என்பது சுற்றத்தாரிடம் கேட்கத் தக்கது. படிவத்தை நிரப்பி அனுப்புவதும், பூட்டிட்ட எச்.டி.டி.பி.எஸ். பாதையைத் திறக்கச் சொல்வதும் அப்படியல்ல. அயற்கடையின் தட்டில் அதற்கான விடை ஒருகாலும் இராது. ஆகவே அவற்றை நேரே அனுப்புவதே அதன் இயல்பு. இன்றைய தளங்களில் பெரும்பகுதி எச்.டி.டி.பி.எஸ். ஆனபடியால், பாதியென்ன, பாதிக்கு மேலேயே நேரே போகும். இது பிழையன்று, சுபாவம்.

வெளியுலகுக்கு நேர்வழியே இல்லாத இடங்களில், அதாவது நிறுவனத்தின் தலைமைச் சேவையகத்தின் ஊடாக மட்டும் போக அனுமதியுள்ள கிளைகளில், இந்தச் சுபாவம் வினையாகிவிடும். எளிய பக்கங்கள் வரும், பூட்டிட்டவை வாரா. அங்கே “நெவர் டைரெக்ட்” என்ற கட்டளையை எழுதி, எல்லாவற்றுக்கும் அதனை இசைவாக்கினால், ஒன்றும் நேரே போகாது; அனைத்தும் பெற்றோர் வழியே போகும். உள்ளூரிலேயே இருக்கும் சேவையகத்துக்கு மட்டும் “ஆல்வேய்ஸ் டைரெக்ட்” என்று விலக்கு எழுதலாம். இரண்டும் முரண்பட்டால் பின்னதே வெல்லும். இன்ன தளத்துக்கு இன்ன பெற்றோர் என்று பிரித்துவிடவும் வழியுண்டு. பல்கலைக்கழகத் தளங்களுக்கு ஒருவர், மற்றவைக்கு இன்னொருவர் என்று அமைப்போர் தளப்பெயரின் முன்னே ஒரு புள்ளியிட மறக்கலாகாது. புள்ளி இருந்தால்தான் அப்பெயரின் கீழுள்ள கிளைத் தளங்களும் அடங்கும்.

இரண்டாங் குறை, எல்லாம் நின்றுபோன இரவு. கடிதத்தோடு தம்பி அனுப்பிய வரிகளைப் பார்த்தவுடனே காரணம் தெரிந்தது. இவர் அயலூரைப் பெற்றோர் என்று எழுதியிருக்கிறார். அயலூர்த் தோழரும் அன்று மாலை இவரைப் பெற்றோர் என்று எழுதியிருக்கிறார். போதாக்குறைக்கு இருவரும் “நெவர் டைரெக்ட்” போட்டிருக்கிறார்கள்! ‘நீ போய் வாங்கி வா’ என்று இவர் சொல்ல, ‘நீயே போய் வாங்கி வா’ என்று அவர் சொல்ல, கல்முனைக்குப் போக ஆளில்லை. ஸ்குவிட் இதற்கொரு காவல் வைத்திருக்கின்றது. ஒவ்வொரு கோரிக்கையும் கடந்துவந்த சேவையகங்களின் பெயர்களை “வயா” என்ற தலைப்புக் குறிப்பிற் சுமந்து வரும். அதிலே தன் பெயரையே கண்டால், இது வட்டமடிக்கின்றது என்று உணர்ந்து குறிப்பேட்டில் எச்சரிக்கை எழுதிவிடும். அந்த இரவின் குறிப்பேட்டைப் புரட்டினால் வரிசை வரிசையாக அந்த எச்சரிக்கையைக் காணலாம். இதனோடு ஒட்டிய இன்னொரு கண்ணி: இரு கணினிகளுக்கும் ஒரே பெயரிட்டிருந்தால், வட்டமே இல்லாத இடத்திலும் வட்டம் என்று மயங்கும். ஒன்றைப் பார்த்து மற்றதை அப்படியே பிரதிசெய்து நிறுவுவோருக்கு இது அடிக்கடி நேரும்.

பரிகாரம் எளிது. இருவரும் ஒருவரையொருவர் உடன்பிறப்பு என்று எழுதட்டும். “நெவர் டைரெக்ட்” வரியை நீக்கட்டும். கோப்பைத் திருத்தியதும் உடனே இயக்கிவிடாமல், எழுத்துப் பிழை பார்க்கும் “பார்ஸ்” கட்டளையை முதலில் ஓட்டி, பிழையில்லை என்று கண்டபின் “ரீகான்ஃபிகர்” கட்டளையால் புதிய அமைப்பை ஏற்கச் செய்யவேண்டும்.

கொழும்புச் சேவையகத்தின் கதை வேறு. இங்கே தம்பி கேளாத கேள்வி ஒன்றை நாமே கேட்கவேண்டியிருக்கின்றது: ஆயத்துறை எங்கே இருக்கின்றது?

குருமண்வெளித் துறையில் பாதை ஏறி மண்டூருக்குப் போகிறவர்களுக்கு இது எளிதில் விளங்கும். எழுவான்கரைச் சாமானைப் படுவான்கரைக்குக் கொண்டுசெல்ல ஒவ்வொரு மூட்டைக்கும் கூலி என்று வைத்துக்கொள்வோம். கூலியை மிச்சம் பிடிக்க விரும்பும் மண்டூர்க் கடைக்காரர் சாமானை எங்கே சேமித்து வைக்கவேண்டும்? மண்டூரில். குருமண்வெளியிற் பண்டசாலை கட்டினால் நடைதூரம் குறையலாம். பாதைக் கூலி ஒரு சதமும் குறையாது. வாசிகசாலையின் டேட்டாவை அளக்கும் ஆயத்துறை, பெரியகல்லாற்றில் அதன் வீட்டு வாசலிலேயே இருக்கின்றது. கொழும்பில் உள்ள பெற்றோரிடம் ஆயிரம் பக்கம் சேமிப்பில் இருந்தாலும், அவை இங்கு வந்துசேர அந்த வாசலைக் கடந்தே ஆகவேண்டும். கடந்தால் அளவிலே கழியும். ஆகவே அந்த உறவினரின் நல்ல மனத்துக்கு நன்றி கூறிவிட்டு, அந்த வரியை அழித்துவிடுவதே உத்தமம். அயலூர் உடன்பிறப்பின் கதை அப்படியன்று. கூரைமேல் அலைவாங்கியின் வழியே வருவது ஆயத்துறையைக் கடப்பதில்லை. அங்கே கிடைக்கும் ஒவ்வொரு பக்கமும் மிச்சம்.

பெற்றோர் முறை அர்த்தமற்றது என்று நாம் சொன்னதாக எவரும் எண்ணவேண்டாம். ஆயத்துறை கடலோரத்தில் இருந்த நாடுகளில் அது பெரும் பணி செய்தது. நியூசிலாந்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1989இல் வைக்காட்டோ பல்கலைக்கழகத்திலிருந்து ஹவாய்த் தீவுக்கு விநாடிக்கு 9,600 பிட் மட்டுமே செல்லும் ஓர் இணைப்பால் அந்நாடு இணையத்திற் சேர்ந்தது. கடல்கடந்து வரும் ஒவ்வொரு அளவுக்கும் பயனாளரிடம் காசு அறவிடப்பட்டது. எனவே கடலுக்கு இப்பால் சேமித்து வைப்பதில் அங்கே முன்கூட்டியே அக்கறை பிறந்தது. பிரித்தானியாவில் பல்கலைக்கழகங்களின் வலையான ஜானெட், 1998 ஆகஸ்டு முதல் அத்திலாந்திக்கைக் கடந்து வரும் தரவுக்கு மெகாபைட்டுக்கு 2 பென்ஸ் அறவிட்டது. அங்கே மான்செஸ்டர், லவ்பரோ பல்கலைக்கழகங்கள் கூடி நாட்டுக்கே பொதுவான சேமிப்பகத்தை நடத்தின. கல்லூரிகளின் சிறு ஸ்குவிட்கள் எல்லாம் அதனைப் பெற்றோராகக் கொண்டன. ஆயம் தீவின் விளிம்பில், பண்டசாலை தீவினுள்ளே. அங்கு அது பொருந்தியது.

நமது தீவுக்கும் அந்த விளிம்பு எத்தகையது என்பது 2004 ஆகஸ்டில் தெரிந்தது. கொழும்புக்கு அருகே இந்தியக் கப்பல் ஒன்றின் நங்கூரம் கடலடிக் கேபிளைச் சிதைக்க, நாட்டின் இணையத் தொடர்பு ஏறக்குறைய முழுவதுமே அறுந்துபோயிற்று. அப்படிப்பட்ட நாளிலும் சேமிப்பகத்தில் இருந்தது இருந்ததுதான். ஸ்குவிட்டில் “ஒஃப்லைன் மோட்” என்றொரு கட்டளை உண்டு. அதை இட்டால், வைத்திருப்பது புதியதா என்று வெளியே கேட்காமல், இருப்பதை அப்படியே எடுத்துக் கொடுக்கும். பஞ்ச காலத்தில் கருவாடு!

இவ்வளவும் சொல்லியபின் கசப்பான ஒன்றையும் சொல்லவேண்டும். 1998இல் ஒரு பாடசாலையில் ஸ்குவிட் அளித்திருக்கக்கூடிய மிச்சத்தை இன்று எதிர்பார்க்க முடியாது. அந்நாளில் இணையப் பக்கங்கள் திறந்த கடிதங்கள். வழியில் நிற்கும் எவரும் வாசிக்கலாம், பிரதி எடுக்கலாம். இன்று அவை முத்திரையிட்ட உறைகள். 2013இல் ஸ்னோடென் வெளியிட்ட ஒற்றுவேலைத் தகவல்கள் உலகை உலுக்கின. 2015இன் இறுதியில் லெட்ஸ் என்கிரிப்ட் என்னும் அமைப்பு முத்திரைச் சான்றிதழ்களை எவருக்கும் இலவசமாக வழங்கத் தொடங்கிற்று. 2018 ஜூலையிலிருந்து குரோம் உலாவி, உறையிடாத தளங்களைப் பாதுகாப்பற்றவை என்று முகவரிப் பட்டியிலேயே அறிவித்தது. உறையிட்டதனால் நம் கடவுச்சொல்லும் வங்கிக் கணக்கும் காப்பாற்றப்பட்டன. அதே உறையினால் வழியில் நிற்கும் ஸ்குவிட் குருடாயிற்று. எந்தத் தளத்துக்கு எவ்வளவு போயிற்று என்பது மட்டுமே அதற்குத் தெரியும். உள்ளே என்ன இருந்தது என்று தெரியாததால் சேமிக்க வழியில்லை.

இந்த நட்டம் பணக்கார நாடுகளில் எவரும் உணராத நட்டம். இணைய வடிவமைப்பில் பெயர்பெற்ற எரிக் மேயர் என்ற அமெரிக்கர் 2018இல் இதைப்பற்றி எழுதினார். உகாண்டாவின் கிராமத்துப் பாடசாலை ஒன்றில், செய்மதி வழியே அளவாக வரும் இணையத்தைச் சேமிப்பகம் வைத்துக் கட்டியாளலாம் என்று பார்த்தால், உறையிட்ட தளங்கள் அதற்கு இடங்கொடுக்கவில்லை. உறை வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை, நாமும் சொல்லவில்லை. ஆனால் அதன் விலையை யார் செலுத்துகிறார்கள் என்பதையேனும் உறை செய்வோர் அறிந்திருக்க வேண்டாமா? இங்கும் 2020, 2021ஆம் ஆண்டுகளில் பாடசாலைகள் பூட்டிக் கிடந்தபோது, அலை தேடி மரத்திலும் பாறையிலும் ஏறிய மாணவரை நாடு கண்டது.

உறையைப் பிரித்து வாசித்து மீண்டும் ஒட்டும் தந்திரம் ஸ்குவிட்டுக்கும் தெரியும். அதற்கு ஒவ்வொரு கணினியிலும் நாமே செய்த போலி முத்திரையை நம்பும்படி ஏற்றிவைக்க வேண்டும். தம்பி இதையும் கேட்டிருக்கிறார். வேண்டாம் என்பதே எமது திடமான அபிப்பிராயம். வாசிகசாலைக்கு வருகின்றவர் வங்கிக் கணக்கைத் திறப்பார். வெளிநாட்டிலுள்ள மகனுக்குக் கடிதம் எழுதுவார். அவற்றைப் பிரிக்கும் உரிமையை அவர் எவருக்கும் கொடுக்கவில்லை. டேட்டா மிச்சம் பிடிக்கிறோம் என்று ஊராரின் கடிதங்களைப் பிரிக்கத் தொடங்கினால், நாளைக்கு எவர் அந்தக் கதிரையில் உட்காருவார்?

அப்படியானால் ஸ்குவிட்டை மூட்டைகட்டி வைப்பதா? வேண்டியதில்லை, வேறு வேலை கொடுக்கலாம். எட்டுக் கணினிகளிலும் லினக்ஸ் இருப்பின், அவற்றின் மேம்படுத்தற் பொதிகள் டெபியனிலும் உபுண்டுவிலும் இன்றும் பெரும்பாலும் உறையின்றியே வருகின்றன. பொதிகளின் சரிபார்ப்புக் குறிகள் அடங்கிய பட்டியல் கையொப்பமிட்டு வருவதால் வழியில் எவரும் கலப்படஞ் செய்ய முடியாது. எட்டுக் கணினிக்கும் எட்டுத் தடவை இழுப்பதை ஒரு தடவையாக்கலாம். அயலூரும் உடன்பிறப்பாக இருந்தால் இரு ஊருக்கும் ஒரே தடவை. இதற்காகச் சேமிக்கத்தக்க பொருளின் உச்ச அளவை உயர்த்தி வைக்கவேண்டும். வழக்கமான எல்லை 4 மெகாபைட். பெரிய பொதிகள் அதற்குள் அடங்கா. விண்டோஸ் வைத்திருப்போர், ஒரு கணினி பெற்ற மேம்படுத்தலை அதே கூரையின் கீழுள்ள மற்றவற்றுடன் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு விண்டோஸிலேயே இருப்பதைத் தேடித் திறந்துவிடலாம்.

பிள்ளைகளின் படிப்புக்கு இதனைவிடப் பெரிய உதவி கிவிக்ஸ் என்னும் மென்பொருள். விக்கிப்பீடியா முழுவதையும் ஒரே கோப்பாக அடைத்து, இணையமே இல்லாமல் வாசிக்கத் தருகின்றது. தமிழ் விக்கிப்பீடியாவும் கிடைக்கும். ஒரு தடவை இறக்கி வாசிகசாலைக் கணினியில் வைத்துவிட்டால், எட்டு உலாவிகளும் அதனை வாசிக்கலாம். இணைப்புத் திட்டத்தில் நள்ளிரவுக்குப் பின் தனிப் பங்கு தரப்படுமாயின், பெரிய இறக்கங்களை அந்நேரத்துக்கு ஒதுக்குவது நல்லது. பகற்பங்கு முழுவதும் பெறுபேறு பார்ப்பவருக்கும் விண்ணப்பம் நிரப்புபவருக்கும் மிஞ்சும்.

ஸ்குவிட்டால் இன்னுமொரு பயன் உண்டு. மிச்சம் பிடிப்பதைவிட இதுவே பெரிதென்று எமக்குத் தோன்றுகின்றது. யார் எவ்வளவு எடுத்தார்கள் என்பதை அதன் குறிப்பேடு காட்டும். வாசிகசாலையின் இருபதாந் திகதிப் பஞ்சத்துக்குக் காரணம் பாடம் படிப்பதா, படம் பார்ப்பதா, எவரும் தொடாத கணினி தன்பாட்டில் மேம்படுத்தலை இழுப்பதா என்பது ஒரு வாரக் குறிப்பேட்டைப் பார்த்தால் துலங்கும். காணொளித் தளங்களைப் பகலில் மட்டுப்படுத்துவதானால் நிர்வாக சபை கூடித் தீர்மானித்து, சுவரில் எழுதி ஒட்டவேண்டும். ஒரு தம்பி இரவோடிரவாகச் செய்யும் காரியமல்ல அது. குறிப்பேட்டைத் தொகைக்காகப் பார்க்கலாம். இன்னார் மகள் இன்ன தளம் போனாள் என்று பார்ப்பதற்கல்ல. அயலூரோடு உறவு கொண்டால், இங்கு கேட்கப்பட்ட பக்கங்களின் பெயர்கள் அங்குள்ள குறிப்பேட்டிலும் விழும் என்பதையும் இரு சபையாரும் அறிந்திருக்கட்டும்.

எல்லாம் சரியாய் நடக்கின்றதா என்று அறிய, அதே குறிப்பேட்டின் ஒவ்வொரு வரியிலும் இரு இடங்களைப் பார்த்தால் போதும். நான்காம் இடத்தில் “ஹிட்” என்று முடியும் சொல் இருந்தால் தன் தட்டிலேயே இருந்தது. “மிஸ்” என்றால் இல்லை. வரியின் பின்பகுதியில் “சிப்ளிங் ஹிட்” என்று கண்டால் அயலூரிலிருந்து வந்தது. “ஹையர் டைரெக்ட்” என்றால் நேரே உலகத்திலிருந்து, அதாவது காசுக்கு, வந்தது. முதல் வாரத்தில் “சிப்ளிங் ஹிட்” விரல்விட்டு எண்ணத் தக்கதாய்த்தான் இருக்கும். இரு பக்கத்துத் தட்டும் நிரம்ப நாளாகும். ஒரு மாதம் ஓடவிட்டு, அந்த எண்ணிக்கையையும், டேட்டா எத்தனையாந் திகதி வரை நின்றது என்பதையும் தம்பி எமக்கு எழுதட்டும். அயலூர்த் தோழரின் கணக்கையும் சேர்த்து அனுப்பினால், இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்கலாம்.